முதல் பூவும் பூப்பருவமும்

அன்புள்ள தம்பிக்கு,

ஒன்டாரியோ மாகாணத்து லீமிங்டனில், உரிமம் பெற்ற கஞ்சாப் பசுமைக்குடில் ஒன்றில் பயிரைக் கண்காணிக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறாய். கோவையில் வேளாண்மை படித்து, நெல்லும் மஞ்சளும் தென்னையும் பழகிய கண்ணோடு இந்தப் பயிரின் முன்னால் போய் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன்னைப் போலவே இன்னும் சிலர் இந்த வேலைக்கு வந்திருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பதிலை வெளிப்படையாக எழுதுகிறேன்.

நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. பூப்பருவம் தொடங்கிய தேதி என்று பதிவேட்டில் எந்த நாளை எழுதுவது? உன் மேற்பார்வையாளர் விளக்கை 12 மணி நேரத்துக்கு மாற்றிய நாளை எழுதச் சொல்கிறார். பக்கத்து அறையைப் பார்ப்பவர் கணுவில் முதல் வெள்ளை இழை தெரிந்த நாளை எழுதுகிறார். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருந்தாய்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருவரும் எழுதுவது உண்மையான தேதிகள்தான், ஆனால் இரண்டுமே பூப்பருவத்தின் தொடக்கம் ஆகாது. தண்டின் நுனியில் பூக்கள் கொத்தாகச் சேரத் தொடங்கும் நாளைத்தான் நான் தொடக்கம் என்பேன். அந்த நாளைக் கண்டுபிடிக்க, செடிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. கடிகாரமும் காலண்டரும் எங்கே பார்க்கலாம், எப்போது பார்க்கலாம் என்று சொல்லும். அதற்கு மேல் அவற்றால் உதவ முடியாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு சொல். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி முறைப்படுத்தப்பட்ட பயிர். இந்தியாவில் நிலைமை வேறு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா என்று வரையறுப்பதே செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகளைத்தான். நுனியோடு சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்குள் வருவதில்லை. ஒரு பொருள் கஞ்சாவா இல்லையா என்பதற்கு அங்கே அந்த நுனியே எல்லைக்கோடு. எனவே இந்தக் கடிதம் உரிமம் உள்ள கூடத்துக்குள் நின்று வேலை செய்பவருக்கானது. ஊரில் யாரும் இதை வைத்துத் தொட்டியில் செடி வளர்க்கப் போக வேண்டாம்.

இனி செடிக்கு வருவோம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றை எப்போதும் சட்டைப் பையில் வைத்துக்கொள். நடுத்தண்டின் பாதி உயரத்திலிருந்து மேல்நோக்கி, கணு கணுவாகப் பார்த்துக்கொண்டு போ. இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலையில் பக்கக் கிளைக்கான குருத்து இருக்கும். அதன் ஓரத்தில் பச்சையாக, மெல்லிசாக, கூர்மையாக நீட்டிக்கொண்டிருப்பவை இலையடிச் செதில்கள். புதிதாக வருபவர்கள் ஏமாறும் முதல் இடம் இதுதான். செதில் வெளுத்துக் காய்ந்து வளைந்திருந்தால் தூரத்திலிருந்து பார்க்கப் பூவின் இழை என்றே தோன்றும். அந்தச் செதிலை விரல் நுனியால் மெதுவாக விலக்கிப் பார். அதன் அடியை ஒட்டிப் பச்சையாக ஒரு சின்னப் புடைப்பு இருக்கிறதா?

அடி பருத்து நுனி கூர்ந்த ஓர் உறையாக அது இருந்து, அதன் வாயிலிருந்து இரண்டு வெள்ளை இழைகள் பிரிந்து நின்றால் பெண் பூ. அந்த இழைகள் சூல்முடிகள், காற்றில் வரும் மகரந்தத்தைப் பிடிக்க நீட்டியிருப்பவை. புடைப்பு உருண்டையாக, இழையே இல்லாமல், குட்டையான ஒரு காம்பின் மேல் நின்றால் ஆண் மொட்டு. அதன் பக்கத்திலேயே இன்னும் இரண்டு மூன்று உருண்டைகள் சேர்ந்துகொள்ளும். இழை வெளிவருவதற்கு முன்னால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலவே தெரியும். அந்தக் கட்டத்தில் அவசரப்பட்டு எதையும் எழுதாதே. சில நாள் பொறுத்தால் செடியே காட்டிக்கொடுத்துவிடும். ஆண் என்று சந்தேகப்பட்டுப் பிடுங்கிப் போட்ட செடி பெண்ணாக இருந்து, பிறகு வருத்தப்படுபவர்களை நிறையப் பார்க்கலாம்.

இந்தக் கணுப் பூவைத்தான் உன் பக்கத்து அறைக்காரர் பூப்பருவம் என்று எழுதுகிறார். அவர் கண் தவறவில்லை. பூவைத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் நாளுக்கு 18 மணி நேரம் விளக்கு எரியும் வளர்ச்சி அறையிலும், விளக்கையே மாற்றாத தாய்ச்செடியிலும், இதே தனிப் பூ வரும். உங்கள் தாய்ச்செடி அறைக்குப் போய்ப் பார். மாதக்கணக்கில் கட்டிங் எடுத்துக்கொண்டிருக்கும் செடியின் கணுக்களில் வெள்ளை இழைகள் நிற்கும். அந்தச் செடி பூப்பருவத்தில் இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இஸ்ரேலிய ஆய்வாளர்கள் பெண் கஞ்சாச் செடியின் அமைப்பைக் கணு கணுவாகப் பிரித்துப் பார்த்து 2019இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நீண்ட பகலில் வளரும் செடியிலும் கணுவுக்குக் கணு தனிப் பூக்கள் உருவாகின்றன, பூவைத் தொடங்கி வைக்க இரவின் நீளம் தேவைப்படவில்லை என்று அதில் காட்டினார்கள். அப்படியானால் நீண்ட இரவு என்னதான் செய்கிறது? அது செடியின் கட்டமைப்பையே மாற்றுகிறது. நுனியில் கணுக்களுக்கு இடையே உள்ள தூரம் சுருங்குகிறது. கிளைக்குள் கிளையாக, அதற்குள்ளும் கிளையாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் பூவும் குட்டி இலையும் நெருங்கி அடைகின்றன. சந்தைக்குப் போகும் பூங்கொத்து என்பது இந்த நெருக்கம்தான். நம் தொழிலில் பூப்பருவம் என்ற பெயர் இந்த மாற்றத்துக்குத்தான் பொருந்தும். கணுவில் நிற்கும் முதல் பூ சொல்வது செடி முதிர்ந்துவிட்டது, இது ஆண், இது பெண் என்பதை மட்டும். விதையிலிருந்து வளர்ப்பவருக்கு அது பொன் போன்ற தகவல். அதைக் குறித்து வை, ஆனால் அறுவடைக் கணக்கை அதிலிருந்து தொடங்காதே.

மேற்பார்வையாளர் சொல்லும் தேதிக்கு வருகிறேன். விளக்கு மாற்றிய நாள் என்பது நாம் செய்த வேலையின் தேதி. செடி அதற்குப் பதில் சொல்ல நாள் எடுக்கிறது. ஏன் என்று புரிய வேண்டுமானால் நூறு ஆண்டுக்கு மேல் பின்னே போக வேண்டும்.

பகலின் நீளம் பூப்பதைத் தீர்மானிக்கிறது என்பதை முதலில் காட்டிய செடிகளில் கஞ்சாவும் ஒன்று என்பது உனக்குத் தெரியுமா? பாரிஸில் ஜூலியன் தூர்னுவா என்ற இளம் தாவரவியலாளர் ஜப்பானிய ஹாப்ஸ் செடியையும் கஞ்சாவையும் குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலுக்குள் விதைத்தார். வளர்ந்து நிற்க வேண்டிய செடிகள் முளைத்த சில வாரங்களிலேயே குட்டையாகப் பூத்துவிட்டன. வெப்பமா, ஈரமா, சத்துக் குறைவா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, வெளிச்சம் கிடைக்கும் நேரம்தான் காரணம் என்று 1912இல் எழுதினார். பகல் குறைவதைக் காட்டிலும் இரவு நீள்வதே முக்கியமாக இருக்கலாம் என்ற இடம் வரைக்கும் வந்துவிட்டார். அதற்கு மேல் போக முதல் உலகப் போர் அவரை விடவில்லை. 1914இல் போர்க்களத்தில் உயிர்விட்டார். பாடப்புத்தகத்தில் நாம் படித்ததெல்லாம் அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும் 1920இல் மேரிலாந்து மாமத் புகையிலையை வைத்து எழுதியது. அவர்கள் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் நீ தினமும் தொடும் செடியிடம் இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் தூர்னுவா. அவர் பெயரைத் தெரிந்து வைத்திருப்பது நம் கடமை என்று நினைக்கிறேன்.

செடி அளப்பது இரவைத்தான் என்பதை ஹாம்னரும் பானரும் 1938இல் மருளூமத்தையை வைத்து உறுதி செய்தார்கள். நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கைக் காட்டினால் பூப்பது நின்றுபோனது. பகலின் நடுவே சிறிது நேரம் இருட்டைக் கொடுத்தால் எதுவும் ஆகவில்லை. ஓசூர்ப் பக்கம் சாமந்தித் தோட்டங்களில் இரவில் விளக்குப் போட்டுப் பூப்பதைத் தள்ளிப்போடுகிறார்களே, அதற்கும் உங்கள் குடிலில் மாலையில் இழுத்து மூடும் கருந்திரைக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒருவர் இரவை உடைக்கிறார், மற்றவர் இரவை நீட்டுகிறார். கனடாவில் கஞ்சாவுக்கு மாறிய பசுமைக்குடில்களில் சிலவற்றுக்குக் கருந்திரைப் பழக்கம் பூ வளர்த்த நாளிலிருந்தே உண்டு.

சாமந்தியை வைத்தே இன்னொன்றும் தெரிந்தது. 1930களில் சோவியத் ஒன்றியத்தில் மிகைல் சைலக்யான் சாமந்திச் செடியின் மேல்பகுதி இலைகளை உருவிவிட்டு, கீழே உள்ள இலைகளுக்கு மட்டும் நீண்ட இரவைக் கொடுத்தார். இலையில்லாத நுனி பூத்தது. இரவை அளப்பது இலை, பூவாக மாறுவது நுனி. இலையில் பிறக்கும் செய்தி நுனிக்குப் போய்ச் சேர வேண்டும், நுனியில் உள்ள வளர்முனை இலை செய்வதை விட்டுப் பூ செய்யத் திரும்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் நம் கண்ணுக்கு ஏதாவது தெரியும். விளக்கு மாற்றிய நாளுக்கும் நுனி கொத்துக் கட்டும் நாளுக்கும் நடுவே ஓடுவது இந்த வேலைதான். பெரும்பாலான ரகங்களில் இதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அந்த ஒரு வார வித்தியாசம் ரகத்தின் குணம், அதை எந்த அட்டவணையும் முன்கூட்டியே சொல்லாது.

நெல் தெரிந்தவனுக்கு இது புதிதல்ல. கதிர் வெளியே எட்டிப் பார்ப்பதற்கு முன்பே உள்ளே உருவாகிவிடுகிறது என்று நம் பெரியவர்களுக்குத் தெரியும். தண்டைக் கீறிப் பார்த்துக் குருத்துக் கதிரைக் கண்டுகொள்வார்கள், தொண்டைக்கதிர் என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். மேலுரம் போடுவதும் தண்ணீர் கட்டுவதும் அந்தப் பருவத்தை வைத்துத்தான், நட்ட தேதியை மட்டும் வைத்து அல்ல. பழைய நீண்டகாலச் சம்பா ரகங்களைக் கொஞ்சம் முந்தி விதைத்தாலும் பிந்தி விதைத்தாலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் கதிர் தள்ளும். குறுவைக்கு வயதுக் கணக்கு. கஞ்சாவிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. நீ அங்கே பார்ப்பதில் பெரும்பாலானவை சம்பாவைப் போல இரவைப் பார்த்துக் காத்திருப்பவை. ஆட்டோஃபிளவர் என்று சொல்லும் ரகங்கள் குறுவையைப் போல. விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தாலும், முளைத்த மூன்று நான்கு வாரத்தில் தானாகப் பூவுக்குத் திரும்பிவிடும். பின்லாந்தில் உருவாகிக் கனடாவிலும் பயிராகும் ஃபினோலா என்ற எண்ணெய்வித்து ஹெம்ப் (நாருக்கும் விதைக்குமான கஞ்சா) ரகம் அந்தக் குணத்தோடுதான் வந்தது. ஆட்டோஃபிளவர் அறையில் விளக்கு மாற்றிய தேதி என்று ஒன்று இருக்கவே முடியாது. அங்கே முளைத்த தேதியும் நுனி திரும்பிய தேதியும் மட்டுமே பொருள் உள்ளவை.

சரி, நுனியில் என்ன பார்ப்பது? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உன் வேலையே இதுதான்.

இரவை நீட்டிய முதல் சில நாளில் செடியில் மாற்றம் எதுவும் தெரியாது. பிறகு திடீரென்று உயரும். இந்த நீட்சியை ஸ்டிரெட்ச் என்று அங்கே எல்லாரும் சொல்வார்கள். சில ரகங்கள் இருந்த உயரத்தைப் போல இரு மடங்கு ஆகிவிடும். செடி உயர்கிறது என்பதால் பூப்பருவம் தொடங்கிவிட்டது என்று எழுதிவிடாதே. வெளிச்சம் போதாத செடியும் உயரும். ஆனால் நீட்சி தொடங்கியதும் தினமும் நுனியைப் பார்க்கத் தொடங்கு.

வளர்ச்சிக் காலத்தில் நுனி கூம்பாக, இளம் இலைகள் ஒன்றையொன்று தழுவி நிமிர்ந்து நிற்கும். அவை ஒவ்வொன்றாக விரிந்து கீழே இறங்கும். பூவுக்குத் திரும்பும்போது அந்த இலைகள் குட்டையாக, ஒல்லியாக வரத் தொடங்கும். ஏழு விரல் இருந்த இலை ஐந்தாகும், மூன்றாகும். நுனியின் நடுவே நிறம் சற்று வெளுத்து, மஞ்சள் கலந்த இளம்பச்சை ஆகும். குட்டி இலைகள் கீழே இறங்காமல் நடுவைச் சுற்றியே நெருங்கி நிற்கும். லென்ஸை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு குட்டி இலையின் அடியிலும் ஒரு ஜோடி வெள்ளை இழை. முதல் நாள் நான்கைந்து தெரியும். மூன்று நாள் கழித்து எண்ணிக் கொண்டிருக்க முடியாது, நுனி முழுக்க வெள்ளையாகப் பூத்து நிற்கும். தனித்தனியாக நின்ற இழைகள் ஒரே இடத்தில் கொத்தாகச் சேரும் அந்த முதல் நாளை, பூப்பருவத்தின் முதல் நாள் என்று தயங்காமல் எழுது. நடுத்தண்டின் நுனிதான் பொதுவாக முந்தும், கீழ்க்கிளைகள் பின்தங்கும். எப்போதும் ஒரே இடத்தைப் பார். ஒரு நாள் நடுநுனி, மறுநாள் பக்கக்கிளை என்று மாற்றிப் பார்த்தால் உன் தேதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

இலை அடுக்கு மாறுவதை வைத்துப் பருவத்தைச் சொல்லலாம் என்று யாராவது உனக்குச் சொல்லுவார்கள். அதில் உண்மை உண்டு, ஒரு பொறியும் உண்டு. விதையிலிருந்து வந்த செடி முதலில் கணுவுக்கு இரண்டு இலையாக எதிரெதிரே விடும். பூப்பதை நெருங்கும்போது இடம் மாறி, ஒன்று விட்டு ஒன்றாக விடத் தொடங்கும். சுவிட்சர்லாந்தில் 1998இல் ஹெம்ப் பயிருக்கு வளர்ச்சிப் பருவங்களை நான்கு இலக்க எண்களாக வகுத்தபோது, பூப்பருவத் தொகுதியின் வாசலில், 2000 என்ற எண்ணில் இந்த இலை மாற்றத்தைத்தான் வைத்தார்கள். முதல் ஆண் மொட்டும் முதல் பெண் பூவும் அதற்குப் பிறகே வருகின்றன. வயலில் விதைத்த ஹெம்புக்கு மிகவும் பயனுள்ள அளவுகோல். ஆனால் உன் குடிலில் இருப்பவை கட்டிங்குகள். முதிர்ந்த தாய்ச்செடியிலிருந்து வெட்டிய கிளை வேர்விட்ட நாளிலிருந்தே ஒன்று விட்டு ஒன்றாகத்தான் இலை விடும். அந்த அடையாளத்தை வைத்துக் கட்டிங்கின் பூப்பருவத்தைச் சொல்ல முடியாது. எந்த அடையாளமும் எந்தச் செடிக்கு என்று கேட்காமல் பயன்படுத்தாதே.

கருந்திரையைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீ எழுதும் தேதி பொய்யாவது பெரும்பாலும் அங்கேதான். விளக்குகள் அணைந்து, திரை மூடிய பிறகு உள்ளே போய் நில். கண் இருட்டுக்குப் பழகட்டும். ஓரத்தில் கிழிசல், கதவிடுக்கு, மின்விசிறி வழி, கருவிகளில் எரியும் சின்ன விளக்கு, பக்கத்து அறையின் ஊதா வெளிச்சம் எல்லாம் அப்போதுதான் தெரியும். இரவை உடைப்பதில் சிவப்பு வெளிச்சம்தான் மிக வலியது. அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் 1952இல் முளைக்கும் விதைகளை வைத்துச் சிவப்பும் தொலைசிவப்பும் ஒன்றின் வேலையை மற்றது அழிப்பதைக் கண்டார்கள். பின்னால் ஃபைட்டோகுரோம் என்று பெயர் பெற்ற நிறமியின் வேலை அது. ஆகவே இருட்டு அறையில் சிவப்பு டார்ச் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதே. பச்சை விளக்கையும் மங்கலாக, தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள். ஒரு வரிசைச் செடிகள் மட்டும் நுனி திரும்பாமல் பின்தங்கினால், உரத்தைக் குறை சொல்வதற்கு முன் அந்த வரிசைக்கு மேலே திரையைப் பார். கொத்துக் கட்டத் தொடங்கிய நுனியில் மறுபடி ஒற்றை விரல் இலைகள் முறுக்கிக்கொண்டு வந்தால், செடிக்கு இரவு ஒழுங்காகக் கிடைக்கவில்லை, அது வளர்ச்சிக்குத் திரும்பப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளியே, திறந்த நிலத்தில் நிற்கும் செடிகளுக்கு வானமே கடிகாரம். டொரண்டோவில் ஜூன் 21ஐ ஒட்டிப் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டி 25 நிமிடம் வரை ஓடும். ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில் 14 மணி நேரத்துக்கு இறங்கும். பல ரகங்கள் பூவுக்குத் திரும்பும் எல்லை இந்த 14 மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது, ஆனால் எல்லா ரகத்துக்கும் ஒரே எல்லை இல்லை. ஃபுளோரிடாவில் பல ஹெம்ப் ரகங்களை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. சில ரகங்களில் பகல் 15 நிமிடம் கூடுவதும் குறைவதுமே பூப்பதை மாற்றிவிடுகிறது என்று அதில் கண்டார்கள். நம் ஊரை நினைத்துக்கொள். சென்னையில் கோடையின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. வடக்கே உயரமாக வளரும் நார் ரகத்தை அந்த அட்சரேகையில் விதைத்தால், முழங்கால் உயரம் தாண்டுவதற்குள் பூத்துவிடும் வாய்ப்பு அதிகம். எனவே ஒரு ரகத்தின் பூக்கும் நாளைப் பற்றி யார் என்ன எழுதியிருந்தாலும், எந்த ஊரில் எழுதினார் என்று முதலில் கேள். விதைப் பையில் அச்சடித்த வாரக்கணக்குக்கும் இதே கேள்விதான்.

ஆண் செடிகளைப் பற்றிச் சுருக்கமாக. விதையிலிருந்து வளர்க்கும் எந்த அறையிலும் ஆண்கள் பெண்களை முந்திக்கொண்டு பூக்கும், பல சமயம் ஒரு வாரத்துக்கு மேல் முந்தும். பெண்ணின் நுனி கொத்துக் கட்டும் வரை காத்திருந்தால் ஆண் மொட்டு வெடித்துவிட்டிருக்கும். காற்றில் பறக்கும் மகரந்தம் அறை முழுவதையும் விதை பிடிக்க வைத்துவிடும். ஆகவே ஆணைத் தேடும் வேலைக்குக் கணுப் பூதான் கணக்கு, அறுவடையைத் திட்டமிடும் வேலைக்கு நுனிக் கொத்துதான் கணக்கு. உன் பக்கத்து அறைக்காரரிடம் இதை இப்படிச் சொன்னால் அவருக்கும் மனம் நோகாது.

ஒரு வாரம் முன்னே பின்னே ஆனால் என்ன என்று உன் மேற்பார்வையாளர் கேட்கலாம். அவருக்கு நீ சொல்ல வேண்டிய பதிலை எழுதுகிறேன்.

எட்டு வார ரகம் என்று ஒன்றைச் சொல்கிறார்கள். எந்த நாளிலிருந்து எட்டு வாரம்? விளக்கு மாற்றியதிலிருந்து எண்ணுபவர் 56ஆம் நாளில் வெட்டுகிறார். நுனிக் கொத்திலிருந்து எண்ணுபவர் அதே செடியை அதற்கு ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து வெட்டுகிறார். இருவரும் அதை எட்டு வாரம் என்றே பதிவேட்டில் எழுதுகிறார்கள். அந்த இரண்டு பூவும் ஒன்றல்ல. பிசின் சுரப்பிகள் முதிர்ந்த அளவு வேறு, வேதிப் பொருள்களின் அளவு வேறு. கனடாவில் 2001 முதலே மருத்துவத் தேவைக்காகக் கஞ்சாவைச் சட்டப்படி பெறும் நோயாளிகள் இருக்கிறார்கள். வலிக்காகவோ கீமோதெரபியால் வரும் குமட்டலுக்காகவோ வாங்குபவர், போன மாதம் வாங்கியதைப் போலவே இந்த மாதமும் இருக்கும் என்று நம்பி வாங்குகிறார். அறைக்கு அறை எண்ணும் முறை மாறினால் அந்த நம்பிக்கையை நாம்தான் உடைக்கிறோம். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் மனம் பதிந்த இடம் இதுதான். பதிவேட்டில் ஒரு தேதி என்பது உனக்கு ஒரு கட்டத்தை நிரப்பும் வேலையாகத் தெரியலாம். அந்தப் பொட்டலத்தைப் பிரிப்பவருக்கு அன்றைய இரவு தூக்கம் அதில் இருக்கிறது.

மருந்து தெளிப்பதும் இதை ஒட்டித்தான். நுனி அடைய ஆரம்பித்துவிட்டால் உள்ளே போன எதுவும் எளிதில் வெளியே வராது. பூவைக் கழுவி விற்கும் பயிர் இல்லை இது. ஹெல்த் கனடா 2019 ஜனவரி முதல் பூச்சிக்கொல்லி எச்சச் சோதனையைக் கட்டாயமாக்கிவிட்டது. உயிரியல் முறைகள் உட்படப் பூச்சி, நோய் வேலைகளைக் கொத்துக் கட்டுவதற்கு முன்பே முடித்துவைப்பவருக்குத்தான் பின்னால் தலைவலி குறைவு. கொத்து நெருங்கிய பிறகு ஈரப்பதத்தைக் குறைத்துக் காற்றோட்டத்தைக் கூட்டாவிட்டால் சாம்பல் பூஞ்சணம் உள்ளிருந்தே அழுக வைக்கும். வெளியே தெரியும்போது காரியம் கைமீறிவிட்டிருக்கும். ஊட்டச்சத்துக் கலவையை மாற்றுவதற்கும் இதே நாள்தான் குறி. விளக்கு மாற்றிய அன்றே தழைச்சத்தைச் சட்டென்று குறைப்பவர்கள் உண்டு. செடி அப்போதுதான் நீளப் போகிறது, அதற்குத் தழைச்சத்து வேண்டும். அந்த அவசரம் கூடாது என்பது என் கருத்து.

சட்டமும் இந்தத் தேதியைக் கேட்கிறது என்றால் உனக்கு ஆச்சரியமாக இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹெம்ப் வயலில் போதை தரும் வேதிப் பொருளான டிஎச்சியின் அளவைச் சோதிக்க மாதிரி எடுக்கும் முறையில், பூக்கத் தொடங்கியதிலிருந்து 20 நாள் கழித்து, பூத்து முடிந்த 10 நாளுக்குள் எடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எடுப்பது குறைந்தது ஒரு பெண் பூங்கொத்தாவது உள்ள 30 செ.மீ. நுனிப் பகுதி. டிஎச்சி அளவு பூ முதிர முதிரக் கூடிக்கொண்டே போகும் என்பதால்தான் இந்தக் கவனம். அங்கே ஒரு விவசாயி தொடக்க நாளைத் தவறாக எழுதினால் வயல் முழுவதின் விதியும் அதில் ஆடும்.

அடுத்த வாரம் உங்கள் குடிலுக்குப் புது ரகம் ஒன்று வருகிறது என்று எழுதியிருந்தாய். அதிலிருந்தே தொடங்கு. அறையின் நடுவிலிருந்தும் ஓரங்களிலிருந்தும் பத்துச் செடியைத் தேர்ந்தெடுத்து அட்டை கட்டு. ஓரத்துச் செடிகள் வேண்டும், ஏனென்றால் திரைக் கசிவு முதலில் அங்கேதான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் மூன்று தேதிகளுக்கு இடம் விடு: கணுவில் முதல் பூ, இரவை நீட்டிய நாள், நடுநுனி கொத்துக் கட்டிய நாள். தினமும் ஒரே நேரத்தில், விளக்கு எரிந்து சிறிது நேரம் ஆன பிறகு பார். பத்தில் பாதிக்கு மேல் மூன்றாவது தேதியை அடைந்த நாளை அந்த அறையின் தேதியாக எடுத்துக்கொள். மேற்பார்வையாளரின் கட்டத்தில் அவர் கேட்கும் தேதியையே எழுது, அவரோடு மல்லுக்கு நிற்காதே. உன் மூன்று தேதிகளைப் பக்கத்தில் தனியாக எழுதி வை. நுனிக் கொத்தை நாள்தோறும் ஒரே தூரத்தில், ஒரே செடியில், பின்னால் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடு. இரண்டு மூன்று அறுவடை முடிந்த பிறகு இரண்டு கணக்கையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வை. உன்னிடம் அவரே கேட்பார்.

முதல் பத்துச் செடியின் அட்டைகளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. படத்தில் செதிலா இழையா என்று உனக்குச் சந்தேகம் வரும் இடங்களைச் சுழித்துக் காட்டு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்